ஜமீலா உறங்கிய வண்டி

சவூதியில் தம்மாமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த மறுநாள் காலை, சுபுஹு தொழுகைக்கு எழுந்த மீரா முகைதீன் பக்கத்தில் மனைவியைக் காணாமல் திகைத்தார். அடுக்களையிலும் அவள் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. வெளியே தகரக் கொட்டகையில் நின்ற பழைய அம்பாசடரின் பின்கதவு பாதி திறந்திருக்க, அதிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பதறி ஓடினார். ஜமீலா பீவி பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்து, முழங்கால்களை மடக்கி, வாய் லேசாகத் திறந்து. அப்படியொரு உறக்கத்தை அவர் பார்த்ததில்லை. விடுமுறைக்கு வரும் நாட்களில் அவருக்கு முன்பே எழுந்து, அவருக்குப் பின்பே படுப்பவள் அவள். எழுப்ப மனம் வராமல் கதவை மட்டும் பைய இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவள் எழுந்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன வந்து ஏன் படுத்திருக்க?"

"உள்ள ஒறக்கம் வரல மச்சான்."

"நான் வந்ததாலயா?"

"நீங்க இல்லாதப்பவும் வராது. வெள்ளத்துல இருந்தே இப்படித்தான்."

மேலப்பாளையத்தில் அவர்கள் வீடு பாளையங்கால்வாய்க்கு அருகில் தாழ்ந்த தெருவில் இருந்தது. இருபத்துமூன்றாம் வருஷம் டிசம்பரில் மழை விடாமல் அடித்து, ஆறும் கால்வாயும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்தபோது அவள் தனியாக இருந்தாள். மகள் அர்வா கல்யாணமாகிச் சென்னையில் இருந்தாள். மழை வலுத்ததுமே அம்பாசடரை மேட்டிலிருந்த அரிசி ஆலை வளாகத்தில் விட்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் பக்கத்து வீட்டாரோடு கைகோத்து நடந்து அங்கே போனவள், வெள்ளம் வடியும்வரை வண்டிக்குள்ளேயே இருந்தாள். மேலே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்ததாம். அந்தச் சத்தத்துக்குள் அப்படித் தூங்கினாளாம்.

பிறகு வீடு காய்ந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில், புது மெத்தை எல்லாம் வந்தன. தூக்கம் மட்டும் வீட்டுக்குள் திரும்பி வரவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் மறுநாள் மத்தியானம்வரை தலை கனத்தது. ஒரு நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொட்டகையில் வண்டிக்குள் போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் படுக்கை.

சொல்லிவிட்டு இறங்கி அடுக்களைக்கு நடந்தாள். உயரமான பெண். மடங்கியே கிடந்த முழங்கால்கள் நிமிர மறுத்தன. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போனாள். மீரா முகைதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தம்மாமில் அவருக்கு ஏசி குழாய்களுக்குத் தகடு வெட்டிப் பொருத்தும் வேலை. ஆறுதல் சொல்ல வராது. எது எத்தனை நீளம், எங்கே மடக்கினால் எங்கே சேரும் என்றுதான் மனம் ஓடும். வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். முன்சீட்டும் பின்சீட்டும் ஒன்றாய்ச் சாய்ந்தால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் நடுவில் தரை மேடு தட்டியது. கம்பளத்தைத் தூக்கினால் அடித்தகடு துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது.

*

முக்கூடலில் ஆற்றை ஒட்டிய தோப்பில் மாரிசெல்வம் பட்டறை வைத்திருந்தான். பழைய வண்டிகளைப் பிரித்து, கேட்பவர் கேட்கிற மாதிரி மறுபடி கட்டிக் கொடுப்பான். ஒரு பியட்டைக் கூரையெடுத்து மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆக்கியிருந்தான். ஒரு ஜீப்புக்குள் டீக்கடை அடுப்பே வைத்திருந்தான். பேட்டரி இறங்கிக் கிடந்த அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்து வந்ததும் சுற்றிவந்து தட்டித் தட்டிப் பார்த்தான்.

"உள்ள என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"காலை நீட்டிப் படுக்கணும்."

"வெளிய?"

"வெளிய இப்படியே இருக்கட்டும். பச்சை நெறம் மாறக் கூடாது."

"எத்தனை பேரு படுக்கணும்?"

மீரா முகைதீன் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஒருத்தர்" என்றார்.

"கடைசி ஆணிவரை பிரிக்கணும். அடித்தகடு மொத்தமும் புதுசாப் போடணும். அவசரப்படாம இருந்தீங்கன்னா கார் நெல் அறுப்புக்குள்ள காரை முடிச்சிரலாம்." தான் சொன்னதை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான்.

"அதுவரைக்கும் நான் எங்கன ஒறங்க?" என்றாள் ஜமீலா.

மாரிசெல்வம் கொஞ்சம் யோசித்தான். பிறகு பின்கதவைத் திறந்து, சீட்டின் அடியில் கைவிட்டுக் கொக்கியைக் கழற்றி, சீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரை மருத மரத்தடியில் போட்டான். கூடவே ஒரு பலகையைக் கால்மாட்டில் கல் வைத்து நிறுத்தினான்.

"இதுல கொஞ்சம் இருந்து பாருங்க மதினி."

அவள் தயங்கித்தான் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். வண்டியின் முன்பக்கக் கம்பிவலையை அவர்கள் கழற்றி முடிப்பதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் முக்கூடல் வருவார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாரிசெல்வத்தோடு சேர்ந்துகொள்வார். அவள் மருத மரத்தடியில் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுப் படுப்பாள். ஆற்றுக்காற்று வரும்போதெல்லாம் மரத்தின் நிழல் அவள்மேல் ஏறி இறங்கும். துவைக்க வந்த பெண்கள் இவளைக் கண்டதும் துணியை அடித்துத் துவைக்காமல் கசக்கி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று. பானெட்டை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித் தென்னையில் சாய்த்தார்கள். விளக்குகள் போன இடத்தில் இரண்டு வட்டத் துளைகள் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதவுகள் நான்கும் தனித்தனியே வேலியில் சாய்ந்து நின்றன. சில நேரம் அவற்றின் கண்ணாடியில் ஆறு ஓடுவது தெரிந்தது. இறுகிய ஆணிகளுக்கு டீசலை ஊற்றி ஊறவிட்டு, வெயில் சாயும்வரை காத்திருந்து திருகுவார்கள். ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு இளகும். அந்தக் காத்திருக்கும் நேரங்களில் மீரா முகைதீனுக்கு வேறெதுவும் தேவையில்லை என்று தோன்றும். நேரத்துக்கு மணி அடிக்கிற இடத்தில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்தவருக்கு இந்த மெத்தனமே ஒரு தூக்கம்போல இருந்தது.

ஜமீலா உறக்கத்தில் பேசினாள். முதலில் அவருக்கு விளங்கவில்லை. ஒரு நாள் பக்கத்தில் போய் நின்று கேட்டார்.

"பைய… பைய… ஹாரன் அடிச்சிட்டுத் திரும்பு…"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வண்டிக்குள் படுத்தால் கனவும் வண்டியாகத்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டார்.

தரைக் கம்பளத்தை உரித்த அன்றுதான் மாரிசெல்வம் கூப்பிட்டான்.

"இங்க பாருங்க அண்ணாச்சி."

கம்பளத்துக்கு அடியில் வெள்ளை வெளேரென்று மணல். ஆற்று மணல் அல்ல. அதில் நகம் அளவு சிப்பிகள் கிடந்தன. கதவின் பொந்துக்குள் கைவிட்டு அவன் எடுத்தது காய்ந்த தைல மர இலைகள். கசக்கினால் இன்னும் மணந்தது. முன்சீட்டுக்கு அடியிலிருந்து கருப்பட்டி வைத்து விற்கும் பனையோலைக் கொட்டான் ஒன்று வந்தது.

"இது ஓடாம நின்ன வண்டில்லா?" என்றார் மீரா முகைதீன்.

"யாரு சொன்னா?" அவன் கிளட்ச் மிதியைக் காட்டினான். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "நின்ன வண்டி இப்படித் தேயாது. நல்லா ஓடியிருக்கு. கடல்கரை, மலையடி, எல்லாம் போயிருக்கு."

அவர் அந்த வண்டியை வாங்கியது ஒரு விடுமுறையில். ஒவ்வொரு முறை வரும்போதும் சில நாள் ஓட்டுவார், பிறகு உறை போட்டு நிறுத்திவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமைதோறும் போனில், 'வண்டிய ஸ்டார்ட் பண்ணினியா?' என்று கேட்பார். 'பண்ணினேன்' என்பாள் ஜமீலா. இத்தனை வருஷமும் அவர் மனதில் அந்த வண்டி கொட்டகையில் நின்றபடி உறுமி அடங்கிக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சிப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு, யார் ஓட்டியிருப்பார்கள் என்று யோசித்தார். மருத மரத்தடிக்குப் போய், அவள் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கண் விழித்தவள் அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். முகத்தில் பயம் எதுவும் இல்லை.

"உவரிக் கடல்கரை" என்றாள். "அர்வாவுக்குப் பாடம் எடுத்த வேணி டீச்சருக்கு அங்க கோயில்ல நேர்ச்சை இருந்துச்சு. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நீயா ஓட்டின?"

"ஆமா. பயிற்சிப் பள்ளியில சேந்து படிச்சேன். லைசென்சு இருக்கு. மணிமுத்தாறுக்கு நானே தனியாப் போவேன். அணைக்குக் கீழ நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவேன். வெள்ளத்தன்னைக்கு வண்டிய மேட்டுக்கு யாரு கொண்டு போனான்னு நெனச்சீங்க?"

"தெரு ஆளுங்க தள்ளியிருப்பாங்கன்னு…"

"யாரும் தள்ளல."

"ஏன் ஏங்கிட்ட சொல்லல ஜமீலா?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க ஸ்டார்ட் பண்ணினியான்னு கேட்டீங்க. பண்ணினேன்னு சொன்னேன். எங்க போனன்னு கேக்கலியே மச்சான்."

மீரா முகைதீன் எழுந்து ஆற்றுக்குள் இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். கோபம் வந்தது. ஆனால் எதன்மேல் என்று பிடிபடவில்லை. தம்மாமில் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் நினைத்துப் பார்த்த ஜமீலா எப்போதும் வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். அடுக்களையில், கொல்லையில், போன் பக்கத்தில். அவள் அணைக்குக் கீழே தனியாக நின்று மலையைப் பார்த்த சாயங்காலங்களில் அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்? மீன்குஞ்சுகள் வந்து காலைக் கொத்தின. வெகுநேரம் கழித்துத்தான் கரையேறினார்.

அடுத்த சில நாட்கள் அவர் அவளைக் கூப்பிடாமல் தனியாகப் போனார். அவளும் கேட்கவில்லை. வேலையில் கை ஓடவில்லை. ஆணியை எங்கே போட்டோம் என்று மறந்தார். மாரிசெல்வம் தேடி எடுத்துக் கொடுத்தான். மரத்தடியில் சீட்டு வெறுமனே கிடந்தது. அதன்மேல் மருத இலைகள் உதிர்ந்திருந்தன.

ஒரு மத்தியானம் தோப்பு வாசலில் ஜமீலா வந்து நின்றாள். பஸ்ஸில் வந்திருந்தாள். கண்கள் சிவந்து இமைகள் வீங்கியிருந்தன. நேரே மரத்தடிக்குப் போய், இலைகளைக் கையால் தள்ளிவிட்டுப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் மூச்சு நீண்டது.

மீரா முகைதீன் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுப் போய் அவள் கால்மாட்டில் பலகையை நேராக்கினார். அங்கேயே குந்தி உட்கார்ந்தார். அவள் உதடு அசைந்தது. எந்தச் சாலையில் போகிறாளோ. எத்தனை தூரம் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது கோபம் இருந்த இடத்தில் பொறாமை வந்தது. பொறாமையும் போனபின் ஒரு ஆசை மட்டும் மிஞ்சியது.

எழுந்து மாரிசெல்வத்திடம் போனார்.

"ஒருத்தர்னு சொன்னேன்லா. ரெண்டு பேருக்கு ஆக்கிரு."

"மதினிகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் எழுந்ததும் கேட்டார். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தாள்.

"கொறட்டை விடுவீங்களே."

"ஒருக்களிச்சுப் படுத்தா வராது."

"அப்பச் சரி. சன்னல் பக்கம் எனக்கு."

*

அடித்தகட்டை அவரே வெட்டினார். தரை மேட்டைத் தாண்டிச் சமமாகப் படுக்கை அமைய, இரண்டு பக்கமும் உயர்த்தி மடக்கிய அந்தத் தகட்டைப் பார்த்து மாரிசெல்வம் விசிலடித்தான். முன்சீட்டின் முதுகு பின்னால் சாய்ந்து பின்சீட்டோடு சேர்ந்தது. பழைய சீட்டுகளின் ஸ்பிரிங்குகளை எடுத்து நல்லதை மட்டும் புதிதில் வைத்தார்கள். எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டே வந்து தன் இடத்தில் இறங்கியது. கதவுகள் வேலியிலிருந்து திரும்பி வந்தன. பச்சை பெயிண்ட் இரண்டு கை அடித்து முடித்தபோது ஆற்றுக்கு அக்கரையில் நெல் பழுத்துக் கிடந்தது. சொன்னபடியே கார் அறுப்பு தொடங்கும் முன் வண்டி வீடு வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே ஜமீலா புதுப் படுக்கையில் காலை நீட்டிப் படுத்தாள். கால் எங்கும் இடிக்கவில்லை. அவர் வெளியே முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"வரல மச்சான்."

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. பெயிண்ட் வாசனை என்றாள். புது ரெக்சின் வழுக்குது என்றாள். கடைசியில் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். அவர் பார்த்துப் பார்த்து வெட்டிய தகட்டின்மேல் கண்ணைத் திறந்து கிடந்தாள்.

"இவ்வளவு பாடுபட்டீங்க…" என்று ஒரு நாள் அழுதாள்.

"படுக்கத்தானே செஞ்சோம். ஒறங்கணும்னு யாரு சொன்னா?" என்றார் அவர். தனக்கே அது சரியான பேச்சாகத் தோன்றவில்லை.

அறுப்பு ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது, வண்டி தெருவில் நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஜமீலா.

"எங்க?"

"பேசாம ஏறுங்க."

அவள் ஓட்டி அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. கியர் மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்தமடை தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் ஒரு மண்பாதையில் திரும்பினாள். திரும்புமுன் ஹாரன் அடித்தாள். அறுத்து முடித்த வயல்களில் இரண்டு பக்கமும் நெல்தாள் மட்டும் நின்று, வெயிலில் மங்கலாய் மினுங்கியது. தூரத்தில் பொதிகை மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினாள்.

நான்கு சன்னல்களையும் இறக்கிவிட்டு இருவரும் படுத்தார்கள். அவள் சன்னல் பக்கம். வாய்க்கால் தண்ணீர் சத்தம் காட்டாமல் போய்க்கொண்டிருந்தது. புளிய இலை பொடிப்பொடியாய் உள்ளே விழுந்தது.

"வீட்டுக்குள்ள படுத்தா ஒனக்கு என்னதான் செய்யுது? இன்னும் அந்தத் தண்ணிச் சத்தம் கேக்கா?" என்றார். இத்தனை மாதத்தில் இதை அவர் கேட்டதில்லை.

அவள் மார்மேல் விழுந்த புளிய இலையைத் தட்டிவிட்டாள்.

"தண்ணிச் சத்தம் இல்ல மச்சான். சட்டி பானை. அடுக்களையில எல்லாம் மெதந்து ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டே இருந்துச்சு. யாரோ உள்ள நின்னு சமைக்குத மாதிரி. அந்த இருட்டுக்குள்ள ஒரு நிமிஷம், உம்மாதான் சமைக்குதான்னு நெனச்சுட்டேன். உம்மா மவுத்தாகி எவ்வளவு வருஷம் ஆச்சு. கூப்பிடவும் செஞ்சேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒனக்குப் போன் போகல" என்றார். "சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருப்பால்லா, தமிழ்ல. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலைக்குப் போகாம, நாங்க தங்கியிருந்த கேம்ப் வாசல்லயே நின்னேன். போன் போகாதுன்னு தெரியும். அந்தக் குரலாவது ஊர்ப்பக்கத்துல இருந்து வருதேன்னு."

"இத நீங்க சொல்லவே இல்லியே."

"சொல்லி என்ன செய்ய?"

"சொல்லணும் மச்சான்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. திரும்பிப் பார்க்கத் துணியாமல் மூச்சை மட்டும் கேட்டார். அது நீண்டு, சீராகப் போய்க்கொண்டிருந்தது.

அவரும் அரைத் தூக்கத்தில் இருந்தபோது எங்கிருந்தோ ஒரு சலசலப்பு வந்தது. மழையோ என்று தலையைத் தூக்கினார். வாய்க்காலில், வரப்பில், வயலில், பாதையில் எங்கும் வாத்துகள். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லைத் தின்ன ஓட்டி வந்த கூட்டம், எண்ணி மாளாது, வண்டியைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய வாத்துக்காரர் நீளக் கழியோடு சன்னலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, வண்டிய எடுத்திராதீங்க. நெழலுக்கு வாத்தெல்லாம் அடியில போய்ப் படுத்திருக்கு."

ஜமீலா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"வெயில் தாழணும் தாயி."

"சரி, இருக்கட்டும்" என்றாள். மறுபக்கம் திரும்பி, காலை முழு நீளத்துக்கும் நீட்டி, முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மீரா முகைதீன் பைய ஒருக்களித்துப் படுத்தார். தகட்டுக்கு அடியில் வாத்துகள் சிறகை ஒதுக்கி இடம் பிடிப்பது அவர் விலாவுக்குத் தெரிந்தது. வாத்துக்காரர் புளிய மரத்தின் வேரில் குந்தி, கழியை மடியில் கிடத்திக்கொண்டு, பீடி பற்றவைத்தார்.